நேக்கு தெரிந்தவருக்கு மட்டும் திரும்பும் சாவி



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள். வகுப்பில் தூங்கியதுபோல் இங்கேயும் தூங்கினால் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், பின்னூட்டத்தில் கேள்வி கேட்பேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வண்டிச் சாவி சிக்க ஆரம்பித்தால் உடனே சரிசெய்யுங்கள். "எனக்கு அதில் ஒரு நேக்கு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

பழைய வண்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "சாவியை முழுசா உள்ளே விடாதே, ஒரு நூல் வெளியே இழுத்துக்கோ. அப்படியே லேசா மேலே தூக்கு. இப்போ திருப்பு." சொல்பவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்த வண்டி அவர் கைக்கு மட்டும்தான் கட்டுப்படுமாம். எனக்கு இதைக் கேட்டால் பெருமையாக இல்லை, பயமாக இருக்கிறது. நேக்கு என்பது பழுதுக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர்.

என் மாணவர்களுக்கு நம் பள்ளியின் அறிவியல் பீரோ நினைவிருக்கும். தலைமையாசிரியர் முழங்காலால் கதவை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால்தான் அது திறக்கும். அவர் விடுப்பு எடுத்தால் பூதக்கண்ணாடிக்கும் காந்தத்துக்கும் சேர்த்து அன்று விடுப்பு. பீரோ திறக்காவிட்டால் ஒரு பாடம்தான் தள்ளிப்போகும். வண்டி கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஆனி மாதம் எங்கள் குடும்பம் பார்த்தது. தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தம்பியிடம் 2003-ல் வாங்கிய மாருதி 800 இருக்கிறது. எஃப்.சி. புதுப்பித்து, மகளைப்போல வைத்திருக்கிறான். சில வருடங்களாக அதன் சாவி சிக்கும். அவனுக்கு மட்டும் நேக்கு தெரியும். அன்று இரவு ஒன்பதரை மணிக்கு அவனுக்கு நெஞ்சில் அழுத்தம், உடம்பெல்லாம் வியர்வை. 108-க்கும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மருத்துவமனை நான்கு கிலோமீட்டர்தான், காத்திருக்க மனம் வரவில்லை. அவன் மகள் நன்றாகக் கார் ஓட்டுவாள், உரிமமும் இருக்கிறது. உட்கார்ந்து சாவியைப் போட்டாள், திரும்பவில்லை. மறுபடி முயன்றாள், பாதியில் நின்றது. கை நடுங்க நடுங்க இன்னும் இறுகியது. கடைசியில் திண்ணையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனே எழுந்து வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் கார் கிளம்பியது.

ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். பார்க்கப் போனவர்களிடம் எல்லாம், "அந்த நேரத்திலும் நான்தான் ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நினைவிழந்து விழுந்திருந்தால் அந்த நேக்கும் அவனோடு சேர்ந்து விழுந்திருக்கும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். சாவி ஏன் சிக்குகிறது?

சாவித் துளைக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கிறது. அதில் வரிசையாகக் காடிகள் வெட்டி, ஒவ்வொரு காடியிலும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைச் சின்ன ஸ்பிரிங்கோடு பொருத்தியிருப்பார்கள். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தள்ளுவதால் தகடுகள் உருளையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் உருளை சுற்றாது. சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடும் பள்ளமும் ஒவ்வொரு தகட்டையும் அதற்கு வேண்டிய அளவு நகர்த்தி, எல்லாவற்றையும் உருளையோடு சமமாக்கும். அப்போது உருளை சுற்றும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசை நேராக நிற்க வேண்டும் என்று கத்துவேனே, அதேதான். ஒரே ஒரு தகடு வரிசையை விட்டு ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பூட்டு நகராது.

இது புரிந்தால் நேக்கு என்றால் என்ன என்பதும் புரியும். சாவியைச் சற்று இழுப்பதும் தூக்குவதும், வரிசைக்கு வராத அந்த ஒரு தகட்டைத் தற்காலிகமாக வரிசைக்குக் கொண்டுவரும் வேலை. தகடு வராத காரணம் அப்படியே உள்ளே இருக்கிறது. நாளுக்கு நாள் வளர்கிறது.

காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்.

ஒன்று, சாவி தேய்ந்திருக்கும். இருபது வருடம் தினமும் நுழைந்து வெளியே வந்த சாவியின் முனைகள் மழுங்கிவிடும். தகட்டைத் தேவையான உயரத்துக்கு அதனால் நகர்த்த முடியாது.

இரண்டு, உள்ளே அழுக்கு. நம் ஊர் செம்மண் புழுதி, மழைநீர், இவற்றோடு நாம் அன்பாக ஊற்றிய தேங்காய் எண்ணெய். எண்ணெய் ஊற்றிய அன்று பூட்டு வழுக்கிக்கொண்டு திரும்பும். பிறகு அந்த எண்ணெய் புழுதியைப் பிடித்துவைத்து, நாள்பட நாள்படப் பிசினாகிவிடும். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவது வேறு, தூசி நேராக உள்ளே போகும் பூட்டுக்கு விடுவது வேறு.

மூன்று, ஸ்டியரிங் பூட்டின் அழுத்தம். வண்டியை நிறுத்தும்போது சக்கரம் திரும்பிய நிலையில், சுவரோரக் கல்லில் முட்டி நின்றால், அந்த விசை முழுவதும் ஸ்டியரிங்கைப் பூட்டும் கம்பியின் மேல் விழும். அப்போது சாவியில் ஒரு கோளாறும் இருக்காது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துக்கொண்டே திருப்பினால் போதும். இருசக்கர வண்டிக்கும் இதுவே. ஹேண்டில் பாரை லேசாக அசையுங்கள், சாவியோடு மல்லுக்கட்டாதீர்கள்.

நான்கு, தகடுகளே தேய்ந்துபோவது. இதற்கு நம் கைவைத்தியம் உதவாது.

தம்பியின் காருக்கு முழு லாக் செட்டும் மாற்ற வேண்டும், சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு பட்டறையில் முன்பே சொல்லியிருந்தார்கள். செலவுக்குப் பயந்துதான் அவன் தள்ளிப்போட்டான். அவன் வீடு திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். என் ஸ்கூட்டியின் பூட்டு சிக்கியபோது பேருந்து நிலையத்தருகே குடை போட்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்த வேலை இது. செய்ததை வரிசையாக எழுதுகிறேன், தேவைப்படுபவர்கள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், "இரண்டாவது சாவி எங்கே?" என்று கேட்டேன். ஒரு மணி நேரத் தேடலுக்குப் பிறகு பீரோவில், பழைய ஆர்.சி. காகிதங்களோடு ஒரு மஞ்சள் பையில் கிடைத்தது. 2003-ல் வைத்தது, வைத்தபடியே இருந்தது. இரண்டு சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. புதியதில் முனைகள் கூர்மை. பழையதில் கூழாங்கல்போல வழுவழுப்பு. இரண்டாவது சாவியைப் போட்டதும் பூட்டு திரும்பிவிட்டது. ஆனாலும் கனமாகத்தான் திரும்பியது. ஆக சாவித் தேய்மானம் ஒரு பங்கு, உள்ளே அழுக்கு ஒரு பங்கு.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். கடையில் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரேயை, கூடவே வரும் மெல்லிய குழாயை மாட்டி, சாவித் துளைக்குள் கொஞ்சமாக அடித்தேன். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. சாவியை உள்ளே விட்டு எடுத்துப் பழைய வேட்டித் துணியில் துடைத்தேன். கன்னங்கரேலென்று மை போல வந்தது. அது அவன் வருடக்கணக்காக ஊற்றிய தேங்காய் எண்ணெய். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு நன்றாகக் காயவிட்டோம். மதியச் சாப்பாடு முடிந்தது. இந்த ஸ்பிரே அழுக்கைக் கரைக்கத்தான். அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள்.

கடைசியாகப் பென்சில். ஆம், நீங்கள் கடித்துத் துப்பிய அதே பென்சில்தான். பென்சிலுக்குள் இருப்பதை லெட் என்கிறோம், ஆனால் அதில் ஈயம் துளிகூடக் கிடையாது. கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி அது. 1795-ல் பிரான்ஸ் நாட்டின் கோந்தே என்பவர் காப்புரிமை பெற்ற முறை. எழுதும் ஹெச்.பி. பென்சிலைவிட, படம் வரையும் 6பி பென்சிலில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம். அதனால் 6பி வாங்கச் சொன்னேன். கிராஃபைட் என்பது கார்பன், அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். உலர்ந்த பொருள் என்பதால் எண்ணெய்போலப் புழுதியைப் பிடித்துவைக்காது. சாவியின் இரண்டு பக்கமும், பற்களின் மேலும் பென்சிலை நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டுப் பத்துப் பதினைந்து முறை எடுத்துப் போட்டேன். துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை. அவ்வளவுதான். இதில் ஓர் எச்சரிக்கை: கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டுக்குப் பின்னால் மின் தொடுப்புகள் இருப்பதால் தூளை அள்ளிக் கொட்டாதீர்கள். சாவியில் ஒட்டும் அளவு போதும். உள்ளே ஈரம் இருக்கும்போதும் போடாதீர்கள், சேறாகிவிடும்.

பேட்டரி ஒயரை மாட்டினேன். தம்பியைத் திண்ணையிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கார் ஓட்டவே தெரியாத அவன் மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். திரும்பியது. அடுத்து அவன் மகள். "என்ன அத்தை, இவ்வளவுதானா?" என்று கேட்டாள். இவ்வளவுதான்.

மறுநாள் சாவிக்காரரிடம் போய் ஒரு நகல் வெட்டினோம். நகலை இரண்டாவது சாவியைப் பார்த்து வெட்டச் சொன்னோம், தேய்ந்த சாவியைப் பார்த்து அல்ல. பிழையோடு எழுதிய நோட்டைப் பார்த்து எழுதினால் பிழையும் சேர்ந்து வரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பலர் அப்படி என்னிடம் மாட்டியிருக்கிறீர்கள். சாவிக்காரர் கேட்ட பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். அரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் கண்ணுக்குத் தெரிவது பத்து நிமிடத்தில் வந்ததல்ல.

"டீச்சர், ஒரு சாவிக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்பீர்கள். ஒரு பெரிய நிறுவனமே நேக்கு சொல்லிக்கொடுத்துச் சமாளிக்கப் பார்த்த கதையையும் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த சில சிறிய கார்களில், சிக்கும் பூட்டுக்கு நேர் எதிரான வியாதி இருந்தது. சாவி சுவிட்ச் தளர்வாக இருந்தது. முழங்கால் பட்டாலோ, கனமான சாவிக்கொத்து குலுங்கினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டியரிங் கனத்துப்போகும். மோதினால் ஏர்பேக் விரியாது. 2005-லேயே அந்த நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கு, வாடிக்கையாளர்களைச் சாவிக்கொத்தில் உள்ள தேவையற்ற பொருள்களைக் கழற்றச் சொல்லுங்கள் என்று குறிப்பு அனுப்பியது. பழுதைச் சரிசெய்யவில்லை, நேக்கு சொல்லிக்கொடுத்தது. ஓடும் வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சுவிட்சை மாற்ற 2014 வரை ஆனது. அப்போது திரும்பப் பெறப்பட்டவை சுமார் 26 லட்சம் கார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது. ஒரு சின்ன சுவிட்ச் சரியில்லாததால் போன உயிர்கள்.

சாவிக்கொத்தைக் கனமில்லாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம்தான். வீட்டுச் சாவி, கடைச் சாவி, கோயிலில் வாங்கிய பித்தளை வேல் எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு கோத்துத் தொங்கவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கனம் பூட்டை இழுத்துத் தேய்க்கும். வண்டிச் சாவியைத் தனியாக வையுங்கள். ஆனால் பழுதுபார்ப்பதற்குப் பதிலாக அது ஆகாது. அந்தக் குடும்பங்களின் கதை சொல்வது அதுதான்.

சிலர், "பழைய வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு, இன்னும் எத்தனை நாள் ஓடப்போகுது?" என்பார்கள். பழைய வண்டி என்பதால்தான் சொல்கிறேன். புது வண்டி நின்றால் கம்பெனிக்காரர் வருவார். பழைய வண்டிக்கு நாம்தான் எல்லாம். இன்னும் சிலர், "நடு ரோட்டில் நிற்கும்போது நேக்குதானே காப்பாத்துது?" என்பார்கள். உண்மை. ராத்திரி நடுவழியில் நின்றால் தெரிந்த நேக்கை எல்லாம் போட்டு வீடு வந்து சேருங்கள். மறுநாள் காலை பூட்டைப் பாருங்கள். மறுநாள் பார்க்காமல் விட்ட நேக்குதான் மூன்று வருடம் குடியிருக்கும்.

எப்போது நாமே செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போதே சாவியைக் கையில் உருவ முடிகிறதா, வேறு வண்டியின் சாவி போட்டாலும் திரும்புகிறதா, தகடுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பென்சில் உதவாது, பூட்டை மாற்றுங்கள். உங்கள் வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற நிலையில் சேமிக்கும் பணம் சேமிப்பல்ல. சாவி சுலபமாகத் திரும்பியும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், கோளாறு பூட்டில் இல்லை, அதன் பின்னால் உள்ள மின் சுவிட்சில். எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சாவி உள்ளே உடைந்துவிட்டால், இன்னொரு சாவியால் குத்தாதீர்கள், பசை தடவி ஒட்டி இழுக்கவும் பார்க்காதீர்கள், சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். சாவிக்குள் சிப் உள்ள வண்டியாக இருந்தால், நகல் வெட்டினால் மட்டும் போதாது, அதை வண்டியோடு பதிவு செய்யவும் வேண்டும். வளைந்த சாவியைப் பூட்டுக்குள் வைத்தே நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

ஸ்கூட்டர் வைத்திருக்கும் என் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாவித் துளைக்கு மேல் மூடி இருந்தால் அதை மூடிப் பழகுங்கள், மழைநீரும் புழுதியும் உள்ளே போகாது. மூடி இல்லையென்றால் மழைக்காலத்தில் நிறுத்தும்போது ஒரு கவரையாவது மாட்டுங்கள். சாவி சிக்கினால், "வீட்டில் அவர் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பென்சிலும் ஒரு துணியும் பிடிக்கத் தெரிந்த கை போதும்.

சாவியோடு என் பேச்சு முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு மட்டும் தெரிந்த நேக்குகள் நிறைய இருக்கின்றன. குச்சியால் தட்டினால் ஓடும் மோட்டார் சுவிட்ச், தூக்கிப் பிடித்தால் பூட்டும் கொல்லைக் கதவு, ஒரு பக்கம் சாய்த்தால் மாட்டும் கேஸ் ரெகுலேட்டர். அதைச் செய்பவர் வீட்டில் இருக்கும்வரை பழுது யாருக்கும் தெரியாது. அவருக்கு முடியாமல் போகும் நாளில்தான் தெரியும். அந்த நாளில் வேறு கவலைகளே நிறைய இருக்கும்.

வீட்டுப்பாடம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

1. உங்கள் வண்டியின் இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். சாவியோடு எண் பொறித்த சின்னத் தகடு கொடுத்திருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். இருக்குமிடத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

2. வண்டியைக் கிளப்ப வேண்டிய அவசியம் இதுவரை வராத ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் கைக்கு முதல் முறையிலேயே திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

திரும்பவில்லை என்றால், நேக்கைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பூட்டைப் பாருங்கள்.

முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். சரி குறி போடக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்